டிசைனர் ஒண்ணு சொல்றார், எஸ்இஓக்காரர் வேறொண்ணு சொல்றார்: அரிசிக் கடை வெப்சைட்டை எப்படி அமைக்கறது?

நெல்மணி_ஸ்டோர்

வணக்கம். பாரம்பரிய அரிசி விக்கிற சின்னக் கடைக்கு வெப்சைட்டைப் புதுசா கட்டிக்கிட்டிருக்கோம். கருப்பு கவுனி, மாப்பிள்ளை சம்பா, பூங்கார், தூயமல்லி, கிச்சிலி சம்பான்னு மொத்தம் 22 ரகம். 1 கிலோ, 5 கிலோ, 10 கிலோ பை. சைட் கட்டுறது வேர்ட்பிரஸ்ல, விக்கிறதுக்கு அதோட வூகாமர்ஸ் ப்ளகின் (கூடுதல் நிரல்). தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் வேணும்.

டிசைனர் சொல்றது: முதல் பக்கத்துல முழுத்திரைக்கு வயல் வீடியோ, அதுக்குக் கீழ அஞ்சு படம் ஓடுற ஸ்லைடர். எழுத்தைக் குறைக்கணும். ஒவ்வொரு ரகத்தோட விவரத்தையும் நல்ல ஃபான்ட்ல போஸ்டர் படமா போட்டுடலாம்.

எஸ்இஓ (கூகுள் தேடல்ல சைட்டை மேல கொண்டு வர்ற வேலை) பாக்குறவர் சொல்றது: ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில 1,000 வார்த்தை கட்டுரை. 38 மாவட்டத்துக்கும் தனித்தனிப் பக்கம் ("மதுரையில் கருப்பு கவுனி அரிசி", "சேலத்தில் கருப்பு கவுனி அரிசி" இப்படி). ஃபுட்டர்ல (பக்கத்தோட கடைசிப் பட்டை) பொடி எழுத்துல கீவேர்டு (ஜனங்க தேடுற சொல்) வரிசை.

ஒருத்தர் வர்ற ஆளுக்காகப் பேசுறார், இன்னொருத்தர் கூகுளுக்காகப் பேசுறார். ரெண்டையும் ஒரே சைட்ல எப்படிச் சேர்க்கறது? கூடவே ஒரு கேள்வி, பக்கத்தோட முகவரி தமிழ்ல இருக்கலாமா?

---

வலைத்தச்சன்

இரண்டையும் சேர்க்க வேண்டாம் நண்பரே, இரண்டையும் விட்டுவிடுங்கள். டிசைனர் சொல்வது வாடிக்கையாளருக்கும் உதவாது. மற்றவர் சொல்வது கூகுளுக்கும் உதவாது.

உங்கள் சைட்டில் முக்கியமான பக்கம் முகப்பு இல்லை. "கருப்பு கவுனி அரிசி" என்று தேடி வருகிறவர் நேராக அந்த ரகத்தின் பக்கத்தில்தான் இறங்குவார். அதனால் அந்த ஒரு பக்கத்தை முதலில் ஒழுங்காகச் செய்யுங்கள். மற்ற 21-க்கும் அதுவே அச்சு.

மொபைலில் ஸ்க்ரோல் பண்ணாமல் தெரிய வேண்டியவை: ரகத்தின் பெயர், உள்ளங்கையில் வைத்து எடுத்த அரிசியின் படம் ஒன்று (மூட்டைப் படம் அல்ல, மணியின் நிறமும் நீளமும் தெரிய வேண்டும்), பை அளவு வாரியாக விலை, வாங்கும் பட்டன், பின்கோடு போட்டால் எத்தனை நாளில் வரும் என்ற தகவல். இதற்குமேல் அங்கே எதையும் திணிக்காதீர்கள்.

அதன்கீழ்தான் எழுத்து. 1,000 வார்த்தை என்று ஒரு கணக்கே கிடையாது. இத்தனை வார்த்தை இருந்தால்தான் மேலே வரும் என்ற விதி தங்களிடம் இல்லை என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. 250 வார்த்தையில் முடிந்தால் முடியட்டும். ஆனால் அந்த 250-ம், கடைக்கு நேரில் வருகிறவர் கேட்கும் கேள்விகளுக்கான பதிலாக இருக்க வேண்டும். கவுனிக்கு அவை என்ன? எவ்வளவு நேரம் ஊற வேண்டும், ஒரு டம்ளர் அரிசிக்கு எத்தனை டம்ளர் தண்ணீர், குக்கரில் எத்தனை விசில், தவிடு நீக்கியதா நீக்காததா, எந்த மாவட்டத்து நெல், எப்போது அரைத்தது. அளவுகளை இணையத்திலிருந்து எடுத்துப் போடாதீர்கள். உங்கள் அரிசியை வேகவைத்துப் பார்த்து எழுதுங்கள். தவிட்டோடு இருப்பதற்கும் லேசாகத் தீட்டியதற்கும் ஊறும் நேரமே மாறும்.

இன்னொரு கேள்வி கட்டாயம் வரும்: "கழுவினால் ஊதாவாகச் சாயம் போகிறதே, கலர் சேர்த்திருக்கிறீர்களா?" அது தவிட்டில் இருக்கும் ஆந்தோசயனின் என்ற இயற்கை நிறமி, தண்ணீரில் கரையும். இதை இரண்டு வரியில், ஊறிய தண்ணீரின் படத்தோடு போட்டால் வாங்கியவர் பயந்து திருப்பி அனுப்ப மாட்டார். அதே கேள்வியைத் தேடலில் தட்டுகிறவரும் உங்களிடம் வந்து சேர்வார். வருகிறவருக்கு ஒன்று, தேடுபொறிக்கு ஒன்று என்று பிரித்து எழுத வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் உங்கள் தொழிலில் இல்லை.

டைட்டில் (தேடல் முடிவில் தெரியும் தலைப்பு): "கருப்பு கவுனி அரிசி, தவிடு நீக்காதது, 1 கிலோ முதல் 10 கிலோ வரை | கடைப் பெயர்". ரகத்தின் பெயர் முதலில் வரட்டும். இங்கிலீஷுக்குச் சொல்லும் 60 எழுத்துக் கணக்கு தமிழுக்கு ஒத்துவராது. தேடல் முடிவில் வெட்டுவது அகலத்தை வைத்து, தமிழ் எழுத்தோ அகலமானது, சீக்கிரமே வெட்டுப்படும். மெட்டா டிஸ்கிரிப்ஷன் (அந்தத் தலைப்புக்குக் கீழே வரும் சுருக்கம்) தரவரிசையை ஏற்றாது, ஆனால் கிளிக் பண்ணலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வைப்பது அதுதான். விலை, டெலிவரி நாள் இரண்டையும் அதில் சொல்லுங்கள். பெரிய தலைப்பு பக்கத்துக்கு ஒன்று போதும், லோகோவை அந்தத் தலைப்பு டேகுக்குள் வைக்காதீர்கள்.

38 மாவட்டப் பக்கம்: ஊர்ப் பெயரை மட்டும் மாற்றி அதே எழுத்தைத் திரும்பப் போடுவதற்கு கூகுளின் ஸ்பேம் கொள்கையில் தனித் தலைப்பே இருக்கிறது, டோர்வே பக்கங்கள். அதற்குப் பதில் டெலிவரிக்கென்று ஒரே பக்கம், அதில் மாவட்டம், நாள், கட்டணம் மூன்றும் அட்டவணையாக. கடையோ கிளையோ உண்மையில் இருக்கும் ஊருக்கு மட்டும் தனிப் பக்கம் போடுங்கள், முகவரி, திறந்திருக்கும் நேரம், வழியோடு. கூகுள் பிசினஸ் ப்ரொஃபைலிலும் அதே பெயர், அதே முகவரி, எழுத்துக்கு எழுத்து.

பொடி எழுத்துக் கீவேர்டு வரிசையைத் தூக்கி எறியுங்கள். சொற்களை இப்படித் திணிப்பதும் அதே ஸ்பேம் கொள்கையில் வருகிறது.

---

பிக்சல்_பாண்டி

வீடியோ பத்தி மட்டும் சொல்றேன்.

கூகுள் பாக்குற அளவு மூணு. பக்கத்துல பெரிய பகுதி தெரிய 2.5 செகண்டுக்குள்ள (எல்சிபி). தட்டினதுக்குத் திரை அசைய 200 மில்லிசெகண்டுக்குள்ள (ஐஎன்பி, 2024 மார்ச்ல எஃப்ஐடிக்குப் பதிலா வந்தது). பக்கம் குதிக்கிற அளவு 0.1-க்குக் கீழ (சிஎல்எஸ்). வர்றவங்கள்ல நாலுல மூணு பேருக்காவது இந்தக் கணக்குல வரணும். முழுத்திரை வீடியோ முதல் அளவையே உடைச்சிடும். டவுன் பஸ்ல உக்காந்து மொபைல் டேட்டால பாக்குறவருக்கு வெறும் சாம்பல் கட்டம்தான் தெரியும்.

செய்ய வேண்டியது: வீடியோவுக்குப் பதில் ஒரே படம். போன் திரையோட அகலம் சிஎஸ்எஸ் (பக்கத்தோட தோற்றத்தைச் சொல்ற மொழி) கணக்குல பெரும்பாலும் 360-லிருந்து 412 வரைக்கும், ஆனா திரை அடர்த்தி ரெண்டு மூணு மடங்கு. அதனால 480, 800, 1200 பிக்சல்னு மூணு அளவுல வெப்பி ஃபார்மட்ல வெச்சு, எது வேணுமோ அதை பிரவுசரே எடுத்துக்கட்டும்னு எஸ்ஆர்சிசெட்ல குடுங்க. தரம் 75 போதும். 1200 படமே பெரும்பாலும் 150 கேபிக்குள்ள அடங்கிடும். கேமராவுல எடுத்த 5 எம்பி ஃபைலை அப்படியே ஏத்துறதுதான் பாதி சைட்டோட வியாதி.

இதுல ஒரு பொறி இருக்கு. வேர்ட்பிரஸ் 6.3-லிருந்து முதல்ல தெரியிற பெரிய படத்தை அதுவே கண்டுபிடிச்சு ஃபெட்ச் ப்ரையாரிட்டி ஹை (இதை முதல்ல இறக்குங்கிற குறி) போட்டுடும், லேஸி லோடும் (கிட்ட வந்தப்புறம் இறக்குறது) அதுக்கு வைக்காது. ஆனா பேஜ் பில்டர்ல (இழுத்து வெச்சுப் பக்கம் கட்டுற கருவி) முகப்புப் படத்தை சிஎஸ்எஸ் பேக்ரவுண்டா வெச்சா இந்த வசதி எதுவும் வராது. சிஎஸ்எஸ் ஃபைல் இறங்கினதுக்கு அப்புறம்தான் அப்படி ஒரு படம் இருக்குன்னே பிரவுசருக்குத் தெரியும். முகப்புப் படத்தைச் சாதாரண இமேஜ் டேக்ல வைங்க. சில வேகப் ப்ளகின் எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிட்டு லேஸி லோடு போடும், முதல் படத்தை அதுல விலக்கு லிஸ்ட்ல சேருங்க.

ஸ்லைடர் வேண்டாம். ரெண்டாவது படம் வர்றதுக்குள்ள ஆள் கீழ போயிடுவார், ஆனா அஞ்சு படத்தோட பாரமும் பக்கத்து மேலதான். வயல் வீடியோ கட்டாயம் வேணும்னா "எங்களைப் பற்றி" பக்கத்துல, தட்டினா மட்டும் ஓடுற மாதிரி.

எல்லா இமேஜ் டேக்லயும் அகலம் உயரம் குடுங்க. "₹999-க்கு மேல் டெலிவரி இலவசம்" மாதிரி பட்டை ஜாவாஸ்கிரிப்ட்ல லேட்டா வந்து பக்கத்தையே கீழ தள்ளும், அதுக்கு முன்னாடியே இடம் ஒதுக்கி வைங்க. வாங்குற பட்டனைத் தட்டப் போற நேரத்துல பக்கம் குதிச்சு வேற எதையோ தட்டினா அந்த ஆள் திரும்ப வரமாட்டார். வாட்ஸாப் மிதக்கும் பட்டனும் அப்படித்தான், பெரும்பாலும் "கார்ட்டில் சேர்" மேலயே வந்து உக்காந்துக்கும். மேல ஏத்தி வைங்க.

கூகுளோட வேகச் சோதனைக் கருவி பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ்ல மேல் பாதி நிஜ ஆட்களோட 28 நாள் கணக்கு, கீழ் பாதி ஆய்வுக்கூடச் சோதனை. புது சைட்டுக்கு மேல் பாதி காலியா இருக்கும், பயப்படாதீங்க. கீழ 100 வாங்கணும்னு ராத்திரி முழிக்கறதும் வேண்டாம்.

---

எழுத்தாணி

போஸ்டர் படம் பற்றி. படத்துக்குள் எழுதிய விலை, ரகத்தின் பெயர், சமைக்கும் முறை எதுவும் பக்கத்தின் எழுத்தாகக் கணக்கில் வராது. அதைவிட, 1080 பிக்சல் போஸ்டர் போனில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்போது கண்ணாடி போட்டவர்களும் படிக்க முடியாது. காப்பி பண்ணி வீட்டாருக்கு அனுப்பவும் முடியாது. அழகான ஃபான்ட்தான் காரணம் என்றால் அதை வெப் ஃபான்ட்டாகவே போடலாம். கூகுள் ஃபான்ட்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரன், பாலூ தம்பி எல்லாம் இலவசம். தலைப்புக்கு ஒன்று, உடலுக்கு ஒன்று, தடிமன் 400, 700 மட்டும். இதற்குமேல் ஏற்றினால் பாண்டி சொன்ன 2.5 செகண்ட் போய்விடும்.

ஃபான்ட் ஃபைலைச் சொந்த சர்வரில் வைத்துச் சுருக்கும்போது கவனம். தமிழுக்கான யூனிகோட் பகுதி 0பி80 முதல் 0பிஎஃப்எஃப் வரை. அதை மட்டும் வைத்துவிட்டு, எழுத்து சேரும் விதிகள் இருக்கும் ஜிசப் அட்டவணையை வெட்டிவிட்டால் கு, கூ, மு எல்லாம் உடைந்து, உகரக் குறி தனியாக நிற்கும். ரூபாய்க் குறியும் அந்தப் பகுதியில் இல்லை (அது 20பி9), அதைத் தனியாகச் சேர்க்காவிட்டால் விலை மட்டும் வேறு ஃபான்ட்டில் துருத்தும். சுருக்கியபின் "கௌ, கூ, ஸ்ரீ, ₹" நான்கையும் போனில் போட்டுப் பாருங்கள்.

வரி உயரம் 1.7 வையுங்கள். இங்கிலீஷ் தீமின் 1.4 அப்படியே இருந்தால் மேல்வரியின் உகரக் காலும் கீழ்வரியின் இகர மேல்வளைவும் இடிக்கும். உடல் எழுத்து 17 பிக்சல், தலைப்பு போனில் 26-க்கு மேல் வேண்டாம். "மாப்பிள்ளைச்சம்பா" என்று சேர்த்து 48 பிக்சலில் எழுதினால் திரைக்கு வெளியே போய், பக்கம் முழுதும் இடம்வலமாக ஆட ஆரம்பிக்கும். ஜஸ்டிஃபை (இருபுற ஓரமும் சமமாக) பண்ணாதீர்கள், தமிழ்ச் சொற்கள் நீளம் என்பதால் நடுவில் வெற்றிடம் ஆறாக ஓடும்.

முகவரிக் கேள்வி. தமிழ் முகவரியை கூகுள் ஏற்கும், அதில் தடை இல்லை. தொல்லை வேறு இடத்தில். எழுத்தைக் கணினி சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் (எழுத்து, அதன் உயிர்க்குறி, புள்ளி எல்லாம் தனித்தனி) 3 பைட், முகவரியில் அது சதவீதக் குறிகளோடு 9 எழுத்தாக விரியும். "கருப்பு-கவுனி" என்பதில் 12 குறிகள், ஒரு கோடு, ஆக 109 எழுத்து. வாட்ஸாப்பில் ஒட்டினால் பல நேரம் அந்த நீள வால்தான் வரும், பார்க்கிறவர் ஏதோ மோசடி லிங்க் என்று நினைப்பார். வேர்ட்பிரஸ் வேறு ஸ்லக்கை (முகவரியில் பக்கத்தின் பெயர்ப் பகுதி) 200 எழுத்தோடு நிறுத்திவிடும். அதாவது சுமார் 22 தமிழ்க் குறிகள், நீளத் தலைப்பு நடுவில் அறுந்து நிற்கும். என் பரிந்துரை: முகவரி மட்டும் ரோமன் எழுத்தில், சிறியதாக. தமிழ் முழுதும் பக்கத்துக்குள்.

---

நெல்மணி_ஸ்டோர்

ரொம்ப நன்றி. மாவட்டப் பக்கத்தை விட்டுடறோம். இன்னும் ரெண்டு சந்தேகம். பழைய நோட்டீஸ்ல இருக்கிற விவரமெல்லாம் பாமினி ஃபான்ட்ல இருக்கு, அதையே சைட்ல போடலாமா? அப்புறம், தமிழ் இங்கிலீஷ் மாத்துறதுக்கு டிசைனர் ஒரு ப்ளகின் போட்டிருக்கார். பட்டனைத் தட்டினா அதே பக்கம் அதே முகவரியிலயே மொழி மாறுது, வசதியாத்தான் இருக்கு.

---

எழுத்தாணி

பாமினியை அப்படியே போட்டால் தேடுபொறிக்குத் தெரிவது தமிழே இல்லை, அர்த்தமில்லாத ரோமன் எழுத்துக் குவியல். யூனிகோடுக்கு மாற்றுங்கள், என்ஹெச்எம் கன்வர்ட்டர் போன்றவை இருக்கின்றன. மாற்றியபின் கண்ணால் மட்டும் சரிபார்க்காதீர்கள். துணைக்கால் இருக்க வேண்டிய இடத்தில் ர இருக்கும், ஔ இருக்க வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் தனித்தனியாக இருக்கும், "கொ" என்பதன் கொம்பும் காலும் ஒரே குறியாக இல்லாமல் இரண்டாகப் பிரிந்திருக்கும். பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் உங்கள் சைட்டின் தேடல் பெட்டியில் "கொள்ளு" என்று தட்டினால் "எதுவும் இல்லை" என்று வரலாம். சந்தேகமுள்ள சொல்லைப் புதிதாகத் தட்டி, பக்கத்துக்குள் கண்ட்ரோல்-எஃப் போட்டுத் தேடுங்கள். மாட்டவில்லை என்றால் உள்ளே குறி தப்பு.

---

சைட்மேப்_சாமி

மொழி ப்ளகின் விஷயத்துல டிசைனரை நிறுத்துங்க சார். ஒரே முகவரியில மொழி மாறினா கூகுளுக்கு ஒரு மொழிதான் தெரியும், இன்னொண்ணு அதுக்கு இல்லவே இல்லை. தமிழுக்கு ஒரு முகவரி, இங்கிலீஷுக்கு ஒரு முகவரி. ரெண்டு பக்கமும் ஒண்ணையொண்ணு ஹெச்ரெஃப்லாங்ல (மறுமொழிப் பக்கம் எதுன்னு கூகுளுக்குச் சொல்ற டேக்) காட்டணும், தன்னையும் சேர்த்துக் காட்டணும். ஒரு பக்கம் காட்டி மறுபக்கம் காட்டலேன்னா அது செல்லாது. மொழிப் பட்டனைத் தட்டினா அதே அரிசியோட மறுமொழிப் பக்கத்துக்குப் போகணும், முகப்புக்கு இல்லை. வர்றவங்க எந்த ஊர்னு ஐபி பார்த்து தானாவே திருப்பி விடறதும் கூடாது, கூகுள்பாட் (பக்கங்களைப் படிக்க கூகுள் அனுப்புற நிரல்) பெரும்பாலும் அமெரிக்க ஐபியிலிருந்துதான் வரும், தமிழ்ப் பக்கத்தை அது பாக்காமலே போயிடும்.

தங்கிலீஷ்ல (தமிழை ரோமன் எழுத்துல) தேடுறவங்களுக்குத் தனிப் பக்கம் வேண்டாம். இங்கிலீஷ் பக்கத்தோட தலைப்புலயே "கருப்பு கவுனி"யை ரோமன்ல எழுதிட்டு, பிளாக் ரைஸ்னு சேர்த்துட்டா போதும். கவுனிய நாலு விதமா ஸ்பெல்லிங் மாத்தி எழுத வேண்டாம்.

சைட் திறக்கிற அன்னைக்குப் பாக்க வேண்டியது: வேர்ட்பிரஸ் செட்டிங்ஸ்ல ரீடிங் பக்கத்துல "தேடுபொறிகள் வேண்டாம்"ங்கிற டிக். கட்டும்போது போட்டதை எடுக்க மறந்து மாசக்கணக்குல யாரும் வராம கிடக்கிற சைட் ஏராளம். பழைய சைட் இருந்தா அதோட முகவரி ஒவ்வொண்ணையும் அதுக்கு நேரான புது முகவரிக்கு 301 (நிரந்தரமா மாறிடுச்சுங்கிற பதில்) திருப்பணும், ஒரு வருஷமாவது அதை விட்டு வைக்கணும். எல்லாத்தையும் முகப்புக்கே திருப்பினா அதை 404 (பக்கம் இல்லை) மாதிரிதான் கூகுள் எடுத்துக்கும். அப்புறம் சர்ச் கன்சோல்ல (சைட்காரங்களுக்கான கூகுள் கருவி) ஒரு ரகத்தோட முகவரியைக் குடுத்து லைவ் டெஸ்ட் ஓட்டி, கூகுள் வாங்கின ஹெச்டிஎம்எல்லயே விலையும் விவரமும் இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா ஜாவாஸ்கிரிப்டுல ஏதோ மாட்டிக்கிட்டிருக்கு.

22 ரகத்துக்கு ஃபில்டரும் வேண்டாம், முடிவில்லா ஸ்க்ரோலும் வேண்டாம். ஒரே பக்கத்துல எல்லாத்தையும் நிஜ லிங்கா அடுக்குங்க. தட்டினா ஜாவாஸ்கிரிப்ட் ஓடுற டப்பாவை கூகுள் தட்டிப் பாக்காது.

---

கொங்கு_டிஜிட்டல்

மாவட்டப் பக்கம் தப்புன்னு எல்லாரும் சொல்றீங்க. ஆனா அப்படிப் போட்டவங்க முதல் பக்கத்துல நிக்கறாங்களே?

---

வலைத்தச்சன்

நிற்கிறார்கள், மறுக்கவில்லை. போட்டி குறைவான சொல்லுக்குச் சில காலம் நிற்கும். 2024 மார்ச்சில் மொத்தமாகத் தயாரித்த பக்கங்களுக்கு எதிரான கொள்கையைக் கூகுள் இன்னும் இறுக்கியது, நடவடிக்கை வந்தால் அந்த 38 பக்கத்தோடு மற்றப் பக்கங்களும் சேர்ந்து இறங்கலாம். ஆயிரம் பக்கத்துச் சைட்டுக்கு அது ஒரு அடி. 22 ரகம் விற்கும் கடைக்கு சைட்டே போன மாதிரி. இன்னொன்று, "சேலத்தில்" என்று படித்து வந்தவர் சேலத்தில் கடை இல்லை என்று தெரிந்ததும் போய்விடுவார்.

---

லேபிள்_லட்சுமி

யாரும் சொல்லாத ஒன்று. "சர்க்கரை நோய் குணமாகும்", "புற்றுநோய் வராது" என்று ரகப் பக்கத்தில் எழுதாதீர்கள். எஸ்இஓ கட்டுரை எழுதித் தருகிறவர்கள் முதலில் செய்வது இதுதான். உணவுப் பொருளுக்கு நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்ய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2018 விளம்பர விதிகள் அனுமதிக்காது. உடல்நலம் தொடர்பான பக்கங்களைக் கூகுளும் கூடுதல் கண்டிப்போடு பார்க்கும். அந்த இடத்தில் 14 இலக்க லைசன்ஸ் எண், நிகர எடை, எம்ஆர்பி, பேக் செய்தவர் முகவரி, எந்த மாதத்துக்குள் பயன்படுத்த வேண்டும் என்பதைப் போடுங்கள். வண்டு வந்தால் மாற்றித் தருவீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள், பாரம்பரிய அரிசி வாங்குகிறவரின் முதல் பயமே அதுதான்.

ஸ்கீமாவில் (பக்க விவரத்தைத் தேடுபொறிக்குச் சொல்லும் குறியீடு) ப்ராடக்ட் வகை போதும்: பெயர், படம், விலை, நாணயம் ஐஎன்ஆர், இருப்பு. வூகாமர்ஸே பெரும்பகுதி போட்டுவிடும். ஸ்கீமாவில் உள்ள விலையும் பக்கத்தில் தெரியும் விலையும் ஒன்றாக இருக்க வேண்டும், கேஷ் ப்ளகின் (பக்கத்தின் நகலைச் சேமித்துத் தருவது) பழைய விலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறதா பாருங்கள். நட்சத்திர மதிப்பீட்டை நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். கேள்வி-பதில் ஸ்கீமாவுக்கு இனி உழைக்க வேண்டாம், 2023 ஆகஸ்டிலேயே தேடலில் கேள்வி பதிலோடு விரியும் அந்த முடிவுகளைப் பெயர்பெற்ற அரசு, மருத்துவத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டார்கள்.

---

நெல்மணி_ஸ்டோர்

லேபிள் விவரம் எல்லாம் பையிலயே இருக்கு, சைட்ல ஏத்திடறோம். கடைசியா ஒண்ணு. சில ரகம் அறுவடை முடிஞ்சு நாலஞ்சு மாசத்துல தீந்துடும், அடுத்த வருஷம்தான் வரும். அந்தப் பக்கத்தை எடுத்துடணுமா?

---

சைட்மேப்_சாமி

எடுக்காதீங்க, வேற எங்கயும் திருப்பவும் வேண்டாம். பக்கம் அப்படியே இருக்கட்டும். ஸ்கீமாவுல இருப்பு இல்லைன்னு மாத்துங்க, வாங்குற பட்டன் இருந்த இடத்துல "தை மாசம் வரும்" மாதிரி நிஜமான மாசம், கீழ வாட்ஸாப் நம்பர் குடுத்தா வந்ததும் தகவல் சொல்ற பெட்டி, அதுக்குப் பக்கத்துல கிட்டத்தட்ட அதே மாதிரி வேகுற இன்னொரு ரகத்துக்கு லிங்க். சமையல் விவரம் அத்தனையும் வழக்கம்போல. வெறும் "ஸ்டாக் இல்லை"ன்னு ஒரு வரியை விட்டுட்டு மத்ததெல்லாம் மறைச்சா கூகுள் அதைக் காலிப் பக்கமா எடுத்துக்க வாய்ப்பிருக்கு. ஒரு ரகத்தை நிரந்தரமா நிறுத்திட்டா மட்டும் 410 (இந்தப் பக்கம் இனி வராதுங்கிற பதில்) குடுங்க.